எழுதாமல் போனவர்கள்: மட்டுறுத்துநர்களுக்கு ஒரு திறந்த மடல்

இணைய விவாதக் குழுக்களை நடத்துவோருக்கும், அவற்றில் மட்டுறுத்துநர்களாகப் பொறுப்பேற்றிருப்போருக்கும்,

வணக்கம்.

ஒன்பது ஆண்டுகள் நானும் உங்களில் ஒருவராக இருந்தேன். ஊதியம் எதுவுமின்றி, வேலை முடிந்த பின்னிரவுகளிலும் விடுமுறை நாள்களிலும், முகமறியாதவர்கள் முகமறியாதவர்களை நோக்கி எழுதியவற்றைப் படித்து, எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று முடிவெடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பணியின் களைப்பும் அதற்குக் கிடைக்கும் வசவும் எனக்குத் தெரியும் என்பதால், கரையில் நின்று குறை சொல்பவரின் தொனியில் இதை எழுதவில்லை. ஆனால் அந்த ஒன்பது ஆண்டுகளும் ஒரு கணக்கைத் தவறாகவே போட்டுக்கொண்டிருந்தேன் என்பதைப் பொறுப்பிலிருந்து விலகிய பிறகுதான் உணர்ந்தேன். இந்த மாதம் எத்தனை பதிவுகளை நீக்கினோம், எத்தனை கணக்குகளை முடக்கினோம், எத்தனை புகார்கள் நிலுவையில் உள்ளன என்று எண்ணினோம். அந்த எண்கள் குறைந்தால் களம் நன்றாக இருக்கிறது என்று நிறைவடைந்தோம். வந்து, படித்து, பாதி எழுதி, எழுதியதைத் தாமே அழித்துவிட்டுத் திரும்பி வராமல் போனவர்களுக்கு எங்கள் அட்டவணையில் இடமே இருக்கவில்லை.

ஒரு நிகழ்வைச் சொல்ல வேண்டும். இரவுப் பணி பார்க்கும் செவிலியர்களின் உடல்நலம் குறித்து ஒரு பெண் எங்கள் குழுவில் எழுதினார். ஐந்து பத்திகள், தம் அனுபவம் எது, அதிலிருந்து தாம் எழுப்பும் கேள்வி எது என்று பிரித்துக் காட்டி, நிதானமாக எழுதப்பட்ட பதிவு. கால்மணி நேரத்தில் முதல் மறுமொழி வந்தது: இதற்கு ஆதாரம் உண்டா? அடுத்தவர், இந்தத் துறையில் உங்கள் தகுதி என்ன என்று கேட்டார். மூன்றாமவர் ஒரு சொல்லின் எழுத்துப்பிழையைத் திருத்தினார். நான்காமவர், உணர்ச்சிவசப்படாமல் பேசலாமே என்றார்; அந்தப் பெண் எந்த வரியிலும் உணர்ச்சிவசப்பட்டிருக்கவில்லை. இப்படிப் பதினொரு மறுமொழிகள். அவற்றுள் ஒரு வசைச்சொல்கூட இல்லை. நான் எல்லாவற்றையும் படித்தேன், விதிகளோடு ஒப்பிட்டேன், எந்த விதியும் மீறப்படவில்லை என்று முடிவு செய்து விட்டுவிட்டேன். அவர் நன்றி என்று ஒற்றை வரி எழுதினார். அதன்பின் எங்கள் குழுவில் எழுதவே இல்லை. அந்த மாத அறிக்கையில், சிக்கலின்றி முடிந்த இழைகளின், அதாவது ஒரு பதிவும் அதற்கு வந்த மறுமொழிகளும் சேர்ந்த உரையாடல்களின், பட்டியலில் அந்த இழையும் இருந்தது.

இதை ஒரு தனிமனிதரின் மனத்தாங்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. 2016-இல் பிரிட்டனின் கார்டியன் நாளிதழ், தன் தளத்தில் வந்திருந்த 7 கோடி பின்னூட்டங்களை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டது. அதில் தொடர்ந்து எழுதுபவர்களுள் மிகுதியான வசைக்கு உள்ளான பத்துப் பேரில் எட்டுப் பேர் பெண்கள். மற்ற இருவரும் கறுப்பின ஆண்கள். மிகக் குறைவாக வசைக்கு உள்ளான பத்துப் பேருமே ஆண்கள். அங்கே தொடர்ந்து கருத்துக் கட்டுரை எழுதுபவர்களில் பெரும்பான்மையோர் வெள்ளை ஆண்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வசை எந்தப் பக்கம் சாய்ந்து விழுகிறது என்பது இன்னும் தெளிவாகும். ஆசிரியர் குழுவின் துணையும் சொந்தப் பெயருக்கான மதிப்பும் உள்ளவர்களுக்கே இந்த நிலை என்றால், ஒரு புனைபெயரை மட்டும் நம்பி முதல்முறை எழுத வருபவர் எதை எதிர்பார்த்து வர முடியும்? யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதையே அடிப்படையாகக் கொண்ட விக்கிப்பீடியாவில் 2011-இல் நடந்த கணக்கெடுப்பின்படி, தொகுப்பாளர்களில் பெண்கள் ஏறத்தாழ 9 விழுக்காடுதான். நேரமின்மை, பழக்கமில்லாத தொகுப்பு முறை என்று அதற்குக் காரணங்கள் பல இருந்தாலும், ஓயாத சண்டையும் தாங்கள் எழுதியது உடனுக்குடன் அழிக்கப்படுவதும் தங்களை விலக்கியதாகப் பெண்கள் தாமே சொல்லியிருக்கிறார்கள். கதவு திறந்திருப்பது வேறு, உள்ளே வந்தவருக்கு உட்கார இடம் கிடைப்பது வேறு.

நம்மில் பெரும்பாலோர், வன்மத்துக்குக் காரணம் சில விஷமிகளே என்றும் அவர்களைக் கண்டுபிடித்து வெளியேற்றிவிட்டால் போதும் என்றும் நம்புகிறோம். நானும் அப்படித்தான் நம்பினேன். தொழிலாகவே வன்மத்தைச் செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களை வெளியேற்றத்தான் வேண்டும். ஆனால் ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஒரு சோதனை இந்த நம்பிக்கையின் அடித்தளத்தை அசைக்கிறது. அதில் பங்கேற்றவர்களுக்கு முதலில் எளிய தேர்வோ கடினமான தேர்வோ கொடுத்து அவர்களின் மனநிலையை மாற்றினார்கள். பிறகு ஒரு செய்திக் கட்டுரையைக் கொடுத்து அதன் கீழ் கருத்தெழுதச் சொன்னார்கள். சிலருக்கு அங்கே ஏற்கெனவே இருந்த முதல் சில கருத்துகள் இயல்பானவை. வேறு சிலருக்கு அவை வம்பிழுப்பவை. நல்ல மனநிலையில், இயல்பான கருத்துகளைப் பார்த்தவர்களிடையே 35 விழுக்காட்டினர் வம்பான கருத்தை எழுதினர். எரிச்சலோடு வந்து, வம்பான கருத்துகளையும் பார்த்தவர்களிடையே அந்த அளவு 68 விழுக்காடாக உயர்ந்தது. இவர்கள் விஷமிகள் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை. நம்மைப் போன்ற சாதாரண மனிதர்கள். அன்று எங்கள் குழுவில் எழுதிய பதினொரு பேரையும் எனக்குத் தெரியும். வேறு இழைகளில் பொறுமையாக உதவியவர்கள் அவர்களுள் உண்டு. முதல் மறுமொழி வேறு தொனியில் அமைந்திருந்தால் அந்த இழையே வேறாகியிருக்கும் என்று இன்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே மட்டுறுத்துநர் வர வேண்டிய நேரம் புகார் வந்த பிறகு என்று இருக்கக் கூடாது. ஓர் இழையின் முதல் அரைமணி நேரம்தான் அதன் போக்கைத் தீர்மானிக்கிறது. புதியவர் ஒருவர் எழுதியிருக்கிறார் என்று தெரிந்தால், அந்த அரைமணி நேரத்தில் உங்களில் ஒருவர் அங்கே இருந்து, பதிவை முழுவதும் படித்து, அதன் உள்ளடக்கத்தைத் தொட்டு ஒரு நல்ல கேள்வி கேட்பது, பின்னால் பத்துப் பதிவுகளை நீக்குவதைவிட அதிகப் பயன் தரும். பாராட்ட வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை. எழுதியதை ஒருவர் படித்திருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்தால் போதும்.

விதிகளைக் கண்ணில் படும்படி வைத்தால் புதியவர்கள் அஞ்சி ஓடிவிடுவார்கள் என்று எங்கள் குழுவில் பலமுறை வாதிட்டார்கள், நானும் தலையாட்டினேன். பயனர்கள் தலைப்புவாரியாகக் குழுக்கள் அமைத்து விவாதிக்கும் ரெடிட் தளத்தில் 1.3 கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்டிருந்த அறிவியல் குழுவில் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வு இதற்கு நேர்மாறானதைக் காட்டியது. 2,190 உரையாடல்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றின் உச்சியில் மட்டும் குழுவின் விதிகளையும், அவற்றை நடைமுறைப்படுத்த மட்டுறுத்துநர்கள் பலர் இருக்கிறார்கள் என்ற தகவலையும் வைத்தார்கள். அந்த உரையாடல்களில் முதல்முறை எழுதியவர்கள் விதிகளுக்கு உட்பட்டு எழுதுவது 8 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடியது. எழுத முன்வந்த புதியவர்களின் எண்ணிக்கையோ சராசரியாக 70 விழுக்காடு உயர்ந்தது. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. தாக்கப்பட வாய்ப்புள்ளவர், தாக்கினால் கேட்பதற்கு ஆள் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். விதி அவருக்கு வேலியாகத் தெரிவதில்லை, கூரையாகத் தெரிகிறது.

இந்த இடத்தில் கருத்துச் சுதந்திரம் பற்றிய கேள்வி எழும், எழவும் வேண்டும். அதை இலேசாகத் தட்டிக்கழிக்க எனக்கு விருப்பமில்லை, ஏனெனில் அதிகாரத்தில் உள்ளவர்கள் ஒழுங்கு என்ற பெயரில் எளியவர்களின் வாயை அடைத்த கதைகள் ஏராளம், இணையத்திலும் அவை நடக்கின்றன. ஆனால் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் சுதந்திரம் என்று முடிவுகட்டுபவர்கள், பேசுபவர்களை மட்டும் பார்க்கிறார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது ஒரு களத்தின் எழுதப்படாத விதியாகிவிட்டால், அங்கே நிலவுவது குரல் பெருத்தவரின் சுதந்திரம் மட்டுமே; நாளெல்லாம் இணையத்தில் இருக்க நேரமும், தாக்கினாலும் இழக்க ஏதுமில்லாத நிலையும், எழுத்து மொழியில் சரளமும் வாய்த்தவருக்கு அது போதும், மற்றவர்களுக்குப் போதாது. மட்டுறுத்துநர் விலகி நிற்பதும் ஒரு தீர்ப்புதான். அந்தப் பதினொரு பேருக்கும் அந்தப் பெண்ணுக்கும் இடையில் நான் எந்தப் பக்கமும் சாயவில்லை என்று அன்று நினைத்தேன். பதினொருவர் இருந்தார்கள், ஒருவர் போனார், என் நடுநிலை யாருக்குப் பயன்பட்டது என்பது அதிலேயே தெரிகிறது.

வெளியேற்றினால் வேறிடத்தில் போய் அதையே செய்வார்கள் என்பது இன்னொரு வாதம். 2015-இல் ரெடிட் நிறுவனம் வெறுப்பைப் பரப்பிய சில குழுக்களை மூடியது. அவற்றுள் இரண்டின் உறுப்பினர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது: பலர் தளத்தை விட்டே போயினர், தங்கியவர்கள் வெறுப்புச் சொற்களைப் பயன்படுத்துவது 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் சரிந்தது, அவர்கள் குடிபெயர்ந்த மற்றக் குழுக்களில் வெறுப்புப் பேச்சு குறிப்பிடத்தக்க அளவு கூடவுமில்லை. அந்தத் தளத்தை விட்டுப் போனவர்கள் வேறெங்கோ கூடியிருக்கலாம். ஆனால் உங்கள் பொறுப்பில் உள்ள இடத்தைச் சீர்செய்ய உலகம் முழுவதும் சீராகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எல்லாரையும் உண்மைப் பெயரில் எழுதச் சொன்னால் வன்மம் அடங்கிவிடும் என்று நினைப்பவர்களுக்குத் தென் கொரியாவின் அனுபவத்தை நினைவூட்ட விரும்புகிறேன். 2007 முதல் அங்கே பெரிய தளங்களில் எழுத வேண்டுமானால் அடையாளத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இருந்தது. வன்மமான கருத்துகள் குறிப்பிடும்படி குறையவில்லை. 2011-இல் ஒரு பெரிய இணைய நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 3.5 கோடிப் பேரின் தனிப்பட்ட தகவல்கள் களவாடப்பட்டன. 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பெயரை மறைத்து எழுதுபவர்களில் கோழைகளும் உண்டு. வன்முறையான வீட்டிலிருந்து தப்பியவர்களும், வெளியே சொன்னால் வேலை போகும் என்ற நிலையில் உள்ளவர்களும், தம் பாலின அடையாளத்தைக் குடும்பத்துக்குச் சொல்ல முடியாதவர்களும் உண்டு. உண்மைப் பெயர் கேட்கும் களத்தில் முதலில் மௌனமாவது இந்த இரண்டாம் வகையினர்தான். முகமூடியைக் கழற்றச் சொல்வதற்குப் பதிலாக, ஒரே புனைபெயரில் நீண்ட காலம் நல்ல முறையில் எழுதி வருபவருக்கு மதிப்புக் கூடும்படி களத்தை அமைக்கலாம்.

இனி நான் மிகுதியும் சொல்ல வந்ததற்கு வருகிறேன். வசைச்சொல்லைக் கண்டுபிடிப்பது எளிது. நாகரிகமான சொற்களில் வரும் பகைமையைக் கண்டுபிடிப்பதுதான் மட்டுறுத்துநரின் உண்மையான தேர்வு. ஆதாரம் கேட்பது நல்ல பழக்கம். ஆனால் ஒருவர் தம் வாழ்வில் நடந்ததைச் சொல்லும்போது, ஒவ்வொரு சொல்லுக்கும் ஆதாரம் கேட்டு, கொடுத்தால் அதற்கும் ஆதாரம் கேட்டு, அவர் ஓயும்வரை கேட்டுக்கொண்டிருப்பது அறிவுத் தேடல் இல்லை. ஒரே கேள்வியை ஒருவர் கேட்டால் அது கேள்வி. பத்துப் பேர் கேட்டால் அது முற்றுகை. உங்கள் சமூகத்தவர் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று ஒருவரை அவருடைய சமூகம் முழுவதற்கும் பிரதிநிதியாக நிறுத்திப் பதில் கேட்பதும், பேச்சுவழக்கிலோ பிழையோடோ எழுதியவரின் கருத்தை விட்டுவிட்டு எழுத்தைத் திருத்துவதும், காயப்பட்டவரிடம் தொனியைக் குறைக்கச் சொல்வதும், தனித்தனியாகப் பார்த்தால் எந்த விதியையும் மீறாதவை. அவை யாரை நோக்கி வருகின்றன, எத்தனையாவது முறையாக வருகின்றன, வந்த பிறகு அவர் பேச முடிகிறதா என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவற்றின் முகம் தெரியும். பதிவு பதிவாகப் பார்க்கும் பழக்கத்தை விட்டு, இழையை முழுவதுமாகப் பார்க்கும் பழக்கத்துக்கு நீங்கள் மாற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இழையை முழுவதுமாகப் பார்த்தால் செய்ய வேண்டியதும் தானே புலப்படும். பெரும்பாலும் நீக்கவே தேவையிருக்காது. இந்தக் கேள்வி ஏற்கெனவே கேட்கப்பட்டுவிட்டது, பதில் வரும்வரை மற்றவர்கள் பொறுத்திருக்கவும் என்று ஒரு வரி எழுதலாம். ஒருவர் ஓர் இழையில் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை முறைதான் எழுதலாம் என்று வேகத்தை மட்டுப்படுத்தலாம். எழுத்துப்பிழைத் திருத்தங்களைத் தனிச் செய்தியாக அனுப்பச் சொல்லலாம். எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்லும் கடமை எழுதியவருக்கு இல்லை என்பதை விதியாகவே எழுதி வைக்கலாம். பொறுப்பிலிருந்து விலகிய பின், அந்தப் பெண்ணின் பழைய முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்பி வருத்தம் தெரிவித்தேன். பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, வந்தது. அந்தக் கேள்விகள் தம்மை அவ்வளவாக வருத்தவில்லை என்றும், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் ஒருவர்கூடக் குறுக்கே பேசாததுதான் அது தமக்கான இடமில்லை என்று புரியவைத்தது என்றும் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் அதைக் கேட்கும் பொறுப்பை ஏற்றிருந்தவன் நான் மட்டுமே.

தானியங்கி வடிகட்டிகளை நம்பி இந்தப் பொறுப்பை ஒப்படைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் சற்று நிதானிக்க வேண்டும். பெரிய களங்களில் அவை இல்லாமல் முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆங்கில வழக்கில் எழுதப்பட்ட பதிவுகளை, பழக்கப்படுத்தப்பட்ட நிரல்கள் மற்றவற்றைவிட இரண்டு மடங்குவரை அதிகமாகப் புண்படுத்துபவை என்று முத்திரையிட்டதைக் காட்டியது. நிரலைப் பழக்கியவர்கள் கொடுத்த எடுத்துக்காட்டுகளிலேயே அந்தக் கோணல் இருந்தது. தமக்கு வந்த வசையை மேற்கோள் காட்டி முறையிடுபவரின் பதிவை, வசைச்சொல் இருக்கிறது என்பதற்காக வடிகட்டி மறைப்பதும் உண்டு. அடித்தவன் தப்பிக்க, அழுதவன் பிடிபடும் நிலை அது. புகார்களின் எண்ணிக்கையைப் பார்த்துத் தானாகப் பதிவை மறைக்கும் ஏற்பாடும் இதைப் போன்றதே. கூட்டமாகச் சேர்ந்து புகார் அளிக்கத் தெரிந்தவர்கள் அதை ஆயுதமாக்குவார்கள். வடிகட்டி சுட்டிக்காட்டட்டும், முடிவை மனிதர் எடுக்கட்டும். அந்த மனிதர் அந்த வழக்கைப் பேசுபவர்களை அறிந்தவராக இருக்கட்டும்.

முடிவெடுத்தால் காரணத்தைச் சொல்லுங்கள். 2018-இல் சாந்தா கிளாரா கோட்பாடுகள் என்ற பெயரில் குடிமைச் சமூக அமைப்புகளும் ஆய்வாளர்களும் தளங்களிடம் கேட்டவை மூன்றுதான்: எத்தனை நீக்கினீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள், நீக்கப்பட்டவருக்குக் காரணத்தோடு அறிவியுங்கள், மேல்முறையீட்டுக்கு வழி விடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 பிப்ரவரியிலிருந்து முழுமையாக நடைமுறைக்கு வந்துள்ள எண்ணியல் சேவைகள் சட்டம், காரணம் தெரிவிப்பதைத் தளங்களின் கடமையாகவே ஆக்கியிருக்கிறது. காரணம் சொல்லி நீக்கப்பட்டவர்கள் மறுபடி அதே தவறைச் செய்வது குறைகிறது என்பது ரெடிட் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் கண்டது. தண்டனையும் படிப்படியாக இருக்க வேண்டும். முதல் தவறுக்கே ஒருவரை நிரந்தரமாக வெளியேற்றினால், விதிகளை ஊகித்து நடக்கும் பழக்கமில்லாத புதியவர்களே அதில் அதிகம் சிக்குவார்கள்.

பகைமையை அகற்றிவிட்டால் விடுபட்ட குரல்கள் தாமாக வந்துவிடும் என்பதும் உண்மையில்லை. யார் பேசுவார் என்பதைக் களத்தின் நடைமுறையே பாதி தீர்மானிக்கிறது. கிறிஸ்டோபர் கார்ப்போவிட்ஸ், டாலி மெண்டல்பெர்க் ஆகியோரும் அவர்களுடன் இணைந்து ஆய்வு செய்த ஒருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து பேர் கொண்ட குழுக்கள் நேருக்கு நேர் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டியிருந்தது. பெரும்பான்மை வாக்கால் முடிவு என்றபோது, சிறுபான்மையாக இருந்த பெண்கள் தம் எண்ணிக்கைக்கு உரிய பங்கைவிடக் குறைவாகவே பேசினர். எல்லாரும் ஒப்பினால்தான் முடிவு என்றபோது அந்த இடைவெளி மறைந்தது. மனிதர்களை யாரும் திருத்தவில்லை. விதியை மட்டுமே மாற்றினார்கள். இணையக் களத்தில் இதற்கு இணையானது வாக்குகளின்படி கருத்துகளை அடுக்கும் முறை. பெரும்பான்மைக்குப் பிடித்தது மேலே ஏறும், ஏறியதே மேலும் வாக்குப் பெறும், சிறுபான்மையின் அனுபவம் மடிக்கப்பட்டு அடியில் கிடக்கும். முதல் சில மணி நேரத்துக்கு வாக்கு எண்ணிக்கையை மறைத்து வைக்கவும், கருத்துகளைக் குலுக்கிய வரிசையில் காட்டவும் ரெடிட்டில் ஏற்கெனவே வசதி உண்டு. உங்கள் களத்திலும் அதை முயன்று பாருங்கள்.

புதியவர்களுக்கென்று தனி இடம் அமைப்பதும் பயன் தரும். விக்கிப்பீடியா 2012-இல் தேநீரகம் என்ற பொருளில் பெயரிட்டு அப்படி ஓர் இடத்தைத் தொடங்கியது. அங்கே எந்தக் கேள்வியும் சிறுபிள்ளைத்தனமாகக் கருதப்படுவதில்லை. நிரலாளர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2018-இல், புதியவர்களுக்கும் பெண்களுக்கும் விளிம்பில் உள்ளவர்களுக்கும் தங்கள் தளம் இணக்கமாக இல்லை என்று தானே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அதே ஆண்டில், முதல்முறை எழுதுபவரின் பதிவில் அவர் புதியவர் என்ற குறிப்பு தெரியும்படி செய்தது. குறையை ஒப்புக்கொண்டதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. எத்தனையோ குழுக்கள் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியாமல்தான் தேங்கி நிற்கின்றன.

உங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபேஸ்புக்கிற்காகப் பணியாற்றிய மட்டுறுத்துநர்கள், பார்த்த காட்சிகளால் மனநலம் பாதிக்கப்பட்டு வழக்குத் தொடுத்து, 2020-இல் 5.2 கோடி டாலர் இழப்பீட்டுக்கு உடன்பாடு கண்டார்கள். தன்னார்வலர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. முறை வைத்துப் பணியாற்றுங்கள். ஒருவர் தொடர்ந்து பல நாள் புகார்ப் பெட்டியைப் பார்க்க விடாதீர்கள். கடுமையான முடிவுகளைத் தனி ஒருவரின் பெயரில் வெளியிடாமல் குழுவின் பொதுப் பெயரில் வெளியிடுங்கள், ஏனெனில் பெண் மட்டுறுத்துநர் ஒருவர் எடுத்த முடிவு என்று தெரிந்ததும் முடிவை விட்டுவிட்டு அவரைத் தாக்குவதை நான் கண்டிருக்கிறேன். உங்கள் குழுவில் உள்ளவர்கள் எல்லாரும் ஒரே வயதும் ஒரே பின்னணியும் உடையவர்களாக இருந்தால், நாகரிகமான பகைமை உங்கள் யார் கண்ணிலும் படாது. எங்கள் குழுவில் நாங்கள் ஆறு பேரும் அப்படித்தான் இருந்தோம். பொறுப்பைப் பகிர ஆள் தேடும்போது, அதிகம் எழுதுபவர்களிலிருந்து மட்டும் தேடாதீர்கள்.

இந்த மடலைப் படித்து முடித்ததும் நீங்கள் செய்ய வேண்டுமென்று ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். கடந்த ஓராண்டில் உங்கள் களத்தில் ஒரே ஒருமுறை எழுதிவிட்டு மீண்டும் வராதவர்களின் பட்டியலை எடுங்கள். அது நீளமாக இருக்கும். ஒவ்வொருவரும் எழுதிய அந்த ஒற்றைப் பதிவையும், அதற்கு வந்த முதல் ஐந்து மறுமொழிகளையும் வரிசையாகப் படியுங்கள். பதிலே கிடைக்காமல் போன பதிவுகளையும் விடாதீர்கள். மட்டுறுத்துநர்கள் அனைவரும் தனித்தனியாகப் படித்துவிட்டுப் பிறகு கூடிப் பேசுங்கள். அவர்களில் சிலருக்காவது கடிதம் எழுதி, என்ன நடந்தது என்று கேளுங்கள். திரும்பி வரும்படி வற்புறுத்த வேண்டாம். வரும் பதில்களை, எழுதியவர்களின் ஒப்புதலோடும் பெயரின்றியும், உங்கள் விதிகளுக்கு அருகிலேயே எல்லாரும் காணும்படி வையுங்கள்.

அன்புடன்,
முன்பு உங்களோடு இப்பணியில் இருந்த ஒருவன்